கடலுக்குள் சவாரி: ஆமையா, கணவாயா, திமிங்கலமா?

ஆபத்தான உலகத்தில் உயிர்பிழைப்பதே ஆட்டமாக இருக்கும் சர்வைவல் வீடியோ கேம்களில், பழக்கி ஏறிப் போகும் நிலத்து விலங்குகளை நன்றாக யோசித்துச் செய்கிறார்கள். ஓட ஒன்று, பறக்க ஒன்று, மரம் முறிக்க ஒன்று, சுமை தூக்க ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கும். கடல் என்று வந்தால் மட்டும் வேகமாக நீந்தும் ஒன்று, பலமாகக் கடிக்கும் ஒன்று, அத்தோடு முடித்துவிடுகிறார்கள். சரி, புதிதாக ஒரு கடல் சவாரி விலங்கை வடிவமைக்கச் சொன்னால் எதை எடுப்பது? நான் யோசித்ததில் கடைசிச் சுற்று வரை நின்றவை மூன்று: ஏழுவரி ஆமை, ஓட்டுக்கணவாய், ஸ்பெர்ம் திமிங்கலம். என் ஓட்டு ஆமைக்குத்தான். மற்ற இரண்டும் லேசுப்பட்டவை அல்ல என்பதால் காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஏற்கெனவே இருப்பவை. 2015-இல் ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுமையாவதற்கு முன்பே விற்பனைக்கு, வந்த ஆர்க் என்ற டைனோசர் கேமில் மெகலோடான், மோசசாரஸ், பிளீசியோசார், மாண்டா, இக்தியோசாரஸ் என்று கடலுக்குள் ஏறிப் போக ஒரு படையே உண்டு. அத்தனையிலும் வடிவமைப்பு என்ற வகையில் எனக்குப் பிடித்தது பெசிலோசாரஸ் என்ற பழங்காலத் திமிங்கலம். அது மேல்மட்டத் தண்ணீரில் இருக்கும்போது தானாகக் குணமாகும், ஆழத்துக்குப் போனால் மெல்ல மெல்ல உடல்நலம் குறையும். இந்த ஒரே விதியால், அதன்மேல் ஏறியவர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதை ஒரு நிமிடம்கூட மறக்க முடியாது. கூடவே, மற்ற பல விலங்குகளின் முதுகிலிருந்து ஆளைக் கீழே தள்ளிவிடும் ஜெல்லி மீன் ஒன்று ஆர்க்கில் உண்டு, அது கொட்டினாலும் பெசிலோசாரஸுக்கு ஒன்றும் ஆகாது. மோசசாரஸ் இதைவிடப் பல மடங்கு பெரியது, பலமானது. ஆனால் அதன்மேல் ஏறிப் போகும்போது கடலைப் பற்றிப் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியிருக்காது, எதிரே வருவதைக் கடித்துக்கொண்டே போகலாம்.

மைன்கிராஃப்ட் வேறு வழியில் போனது. 2018-இல் கடலுக்கென்றே பெரிய அப்டேட் வந்தபோது ஆமையும் டால்பினும் வந்தன, ஆனால் எதன்மேலும் ஏற முடியாது. ஏறிப் போக நாட்டிலஸ் என்ற சுருள் ஓட்டு உயிரினம் வருவதற்கு 2025 ஆகிவிட்டது. பேத்தை மீனைக் கொடுத்து அதைப் பழக்கலாம், அதன்மேல் இருக்கும்வரை திரையில் நம் மூச்சைக் காட்டும் குமிழிகள் குறையாது. வசதியான விஷயம்தான், அந்த கேமுக்குப் பொருத்தமும்கூட. ஆனால் பயம்தான் பாதி விளையாட்டு என்று இருக்கும் ஒரு சர்வைவல் கேமில் மூச்சுக் கவலையை மொத்தமாக எடுத்துவிட்டால் கடலில் என்ன மிஞ்சும்? நீல நிறத்தில் ஒரு வானம் மிஞ்சும், அவ்வளவுதான்.

ஆகவே நான் பார்ப்பது இதைத்தான்: அந்த விலங்கின் உடம்பில் இருக்கும் ஒரு நிஜமான குறை, பயணத்தின் போக்கை முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு வேகம், எவ்வளவு அடி என்பதெல்லாம் எக்செல் ஷீட்டில் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். இன்னொரு சில்லறைக் கேள்வியும் உண்டு, பலரும் அதைக் கடைசி வாரத்தில்தான் யோசிக்கிறார்கள்: ப்ளேயர் கரையேறும்போது இந்த விலங்கை எங்கே விட்டுவிட்டுப் போவார்? கடல் விலங்குகளைப் பழக்கியவர்களுக்குத் தெரியும், திரும்பி வரும்போது அது பாறைக்குள் சிக்கியிருக்கும் அல்லது சுறா தின்றிருக்கும்.

இந்த அளவுகோலில் ஆரம்பத்திலேயே விழுந்தவை சில. கடற்குதிரையை எல்லோரும் கேட்பார்கள், பெயரிலேயே குதிரை இருக்கிறது, ஆனால் நிஜத்தில் அது மீன்களிலேயே மிக மெதுவானவற்றில் ஒன்று, வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பதுதான் அதன் பிழைப்பு. கொம்புத் திருக்கை நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும், ஆகவே நிற்கவே முடியாத சவாரி என்று அருமையான யோசனை கிடைக்கிறது. ஆனால் நிற்க முடியாத விலங்கின்மேல் உட்கார்ந்து முத்துச் சிப்பி பொறுக்குவது எப்படி? கடற்பசுவை ஒதுக்கத்தான் மனம் வரவில்லை. பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா என்று சொல்லும் அதே விலங்குதான், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் அதற்கான காப்பகமாக அறிவித்தார்கள். கடற்புல் மேயும்போது தரையில் நீளமாகத் தடம் விட்டுக்கொண்டே போகும், அந்தத் தடத்தைப் பின்பற்றித் தேடிப் பிடிப்பது என்று ஒரு முழு விளையாட்டே அதில் இருக்கிறது. ஆனால் அதன் உலகம் பெரும்பாலும் ஆழமற்ற புல்வெளிதான். தொடக்க நிலை விலங்காக அருமை. ஆழ்கடலைத் திறந்துவிடும் விலங்கு அது இல்லை.

இனி மூவர். திமிங்கலத்தைக் கொஞ்சம் சீக்கிரமாகவே முடித்துவிடுகிறேன். ஸ்பெர்ம் திமிங்கலம் 1000 மீட்டருக்கும் கீழே சர்வசாதாரணமாகப் போகும், ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாக மூச்சடக்கும், மேலே வந்து பத்து நிமிடம் போல மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கும். இருட்டில் டிக் டிக் என்று ஒலியெழுப்பி, எதிரொலியை வைத்தே இரையைக் கண்டுபிடிக்கும். கேமில் இதற்கு ஈடே கிடையாது. ஒரு பட்டனைத் தட்டினால் முன்னால் இருக்கும் பாறையும் மீனும் ஒரு கணம் கோட்டுருவமாகத் தெரிந்து மறையும், அந்த ஒலியைக் கேட்டு வேறு ஏதாவது நம்மைத் தேடி வரவும் செய்யும். அதைவிட ஆச்சரியம் அதன் தூக்கம். தண்ணீருக்குள் செங்குத்தாக மிதந்தபடி அது தூங்குவதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கரையில் இறங்கிப் போன ப்ளேயர் திரும்பி வந்து தேடும்போது, 15 மீட்டர் உடம்பு ஒரு தூணைப் போலத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தால் எப்படியிருக்கும்!

அப்புறம் ஏன் வேண்டாம்? அளவுதான் காரணம். குகைக்குள் நுழையாது, கப்பல் சிதிலங்களுக்குள் நுழையாது, திரும்புவதற்கே ஒரு மைதானம் வேண்டும். அதன் ஆழத்துக்கு ஏற்ற கடல் பெரும்பாலான சர்வைவல் மேப்களில் இல்லவே இல்லை, முட்டுக்கால் தண்ணீரில் யானையை இறக்கின மாதிரிதான் இருக்கும். போதாக்குறைக்கு அவ்வளவு பெரிய உருவத்தின்மேல் உட்கார்ந்த பிறகு சுறாவைக் கண்டு யாரும் பயப்பட மாட்டார்கள். திமிங்கலத்தைச் சேர்ப்பது என்றால் அதற்கென்று தனி மேப் செய்ய வேண்டும். இருக்கிற கேமில் கொண்டுவந்து திணிப்பது அந்த விலங்குக்கே செய்யும் அநியாயம்.

ஓட்டுக்கணவாய்தான் என்னை அதிகம் திணற வைத்தது. நிஜத்தில் அது இரைதேடும்போது இருபக்கத் துடுப்பை அலையாக அசைத்து மெதுவாக முன்னால் போகும், ஆபத்து என்றால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்பக்கமாகப் பாயும். இந்த ஒரு விஷயத்தை அப்படியே கேமில் வைத்தால் கேமரா பிரச்சினை ஒன்று அழகாகத் தீர்கிறது. எல்லா கேமிலும் தப்பி ஓடும்போது துரத்துகிறவன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பான், எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டான் என்று பார்க்கக் கேமராவைத் திருப்ப வேண்டும், திருப்பினால் முன்னால் பாறை இருப்பது தெரியாது. கணவாய்மேல் இருந்தால் எதிரியைப் பார்த்த வாக்கிலேயே பின்னால் பாயலாம். அவன் வாயைத் திறப்பதும், நாம் விட்ட மைக்குள் அவன் தடுமாறுவதும் கண்ணெதிரே நடக்கும். பின்னால் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அதுதான் அந்தச் சவாரியின் ஆபத்து.

ஆழ எல்லையையும் அதன் உடம்பே போட்டுத் தருகிறது. உள்ளே இருக்கும் ஓடு அறை அறையாக இருக்கும், அதில் வாயுவும் திரவமும் இருக்கும் அளவை மாற்றித்தான் அது மிதப்பைச் சரிசெய்கிறது, சில நூறு மீட்டருக்கு மேல் ஆழத்துக்குப் போனால் அழுத்தத்தில் அந்த ஓடு நொறுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத சுவர் வைத்து ‘இதற்கு மேல் போகாதே’ என்று தடுக்க வேண்டியதில்லை, ஓடு விரிசல் விடும் சத்தமே போதும். நிறம் மாறுவதைச் சொல்லவே வேண்டாம், ஒரு நொடிக்குள் மணலாகவும் பாசியாகவும் மாறிவிடும்.

ஆனால் அங்கேதான் சிக்கலும் வருகிறது. கணவாய் மணல் நிறத்துக்கு மாறிவிட்டது, மேலே சேணமும் சிவப்புக் கவசம் போட்ட ஒரு ஆளும் அப்படியே தெரிகிறார்கள், இதற்கு என்ன செய்வது? ஆளையும் சேர்த்து மறைத்தால் பலர் ஒன்றாக ஆடும் மல்டிபிளேயரில் அதை வைத்திருப்பவர்கள் மற்றவர்கள் கட்டிய பேஸை, அதாவது இருப்பிடத்தை, ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார்கள். மறைக்காவிட்டால் அந்தத் திறனே வீண். ஆளைக் கைகளுக்கு நடுவே அணைத்து எடுத்துப் போகச் செய்யலாம் என்று யோசித்தேன், எட்டுக் கைகளும் இரண்டு பிடிகைகளும் ஒவ்வொரு விதமாக வளையும்போது ஆளின் உடம்புக்குள் ஊடுருவாமல் அனிமேஷன் செய்வது சின்ன டீமுக்கு மாதக்கணக்கில் வேலை. தவிர அது செவுளால் சுவாசிப்பது. ப்ளேயரின் மூச்சுக்கும் அதன் மூச்சுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்கு இந்தக் கடைசிக் குறைதான் பெரிதாகப் படுகிறது.

ஆமைக்கு வருகிறேன். ஏழுவரி ஆமை இன்று உயிரோடு இருக்கும் கடலாமைகளில் மிகப் பெரியது, 500 கிலோவையும் தாண்டும். கெட்டியான ஓடு கிடையாது, தோல் போர்த்திய முதுகில் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள் இருக்கும். அந்த மேடுகளுக்கு நடுவே குப்புறப் படுத்துத்தான் சவாரி, நாற்காலி மாதிரி சேணம் எதுவும் வேண்டாம். முன்துடுப்புகள் மிக நீளம் என்பதால் திரையின் இருபக்கமும் அவை ஏறி இறங்குவது தெரியும், வேகத்தைக் காட்ட வேறு எஃபெக்ட் எதுவும் தேவையில்லை. கேமரா மட்டும் அந்தத் துடுப்படியோடு சேர்ந்து ஆடக் கூடாது, ஆடினால் பாதிப் பேருக்குத் தலைசுற்றும்.

இதன் மூச்சுதான் நான் சொல்ல வந்த விஷயம். ஏழுவரி ஆமை 1200 மீட்டருக்கும் கீழே இறங்கியது பதிவாகியிருக்கிறது. ஆனால் அதுவும் நம்மைப் போலக் காற்றைச் சுவாசிப்பதுதான். கடலாமைகள் நிதானமாக இருந்தால் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும், வலையில் மாட்டிப் பதறினால் மூச்சு மளமளவென்று தீர்ந்து மூழ்கிச் செத்துப்போகும். இழுவலைகளில் ஆமை தப்பிக்கத் தனி வாசல் வைக்கச் சொல்வது அதனால்தான். இதை அப்படியே விதியாக்கலாம்: ஆளுக்கும் ஆமைக்கும் ஒரே மூச்சுப் பார், அதாவது மீதி மூச்சைத் திரையில் காட்டும் ஒரே பட்டை. மெதுவாகப் போனால் அந்தப் பட்டை அசையவே அசையாது போலத் தோன்றும். விரட்டினால், அடிபட்டால், பயந்தால் கண்முன்னே கரையும். அப்போது சுறா துரத்தும் அந்த நொடியில் ப்ளேயர் ஒரு நிஜமான முடிவை எடுக்க வேண்டும். வேகமாகப் போய்த் தப்பலாம், ஆனால் மேலே வரும்வரை மூச்சு போதாமல் போகலாம். பாறையிடுக்கில் அசையாமல் ஒளிந்தால் மூச்சு மிஞ்சும், ஆனால் சுறா பார்த்துவிடலாம். கடலாமை தலையையும் துடுப்பையும் நில ஆமை போல உள்ளே இழுத்துக்கொள்ளவும் முடியாது, ஆகவே எதிரியின் பக்கம் எந்தப் பகுதியைக் காட்டுகிறோம் என்பதும் கணக்கில் வரும்.

அதன் முக்கிய உணவு ஜெல்லி மீன், தமிழில் சொறி மீன். ஆர்க்கில் எல்லோரும் வெறுக்கும் அந்த ஜெல்லி மீன் கூட்டம் இங்கே தீவனம். வாயிலும் தொண்டையிலும் உள்நோக்கி வளைந்த முட்கள் அடர்ந்திருப்பதால் வழுக்கிக்கொண்டு வெளியே போகாது. ஆக, மற்றவர்கள் சுற்றிப் போகும் இடத்துக்குள் ஆமைக்காரர் நேராக நுழைவார். கொட்டுப்படுவது ஆமை இல்லை, முதுகில் இருக்கும் ஆள்தான் என்பதால் சரியான கவசம் போட வேண்டியிருக்கும், அது நியாயமான விலை. குளிர்ந்த கடலிலும் சுற்றியிருக்கும் தண்ணீரைவிடத் தன் உடம்பை வெப்பமாக வைத்துக்கொள்ளும் ஊர்வன அது, பனிப்பகுதி இருக்கும் மேப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கும் இதனிடம் பதில் இருக்கிறது. பெண் ஆமை முட்டையிட மணலுக்கு ஏறி வரும், இரண்டு முன்துடுப்பையும் ஒரே சமயத்தில் ஊன்றி உடம்பை முன்னால் தள்ளி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தள்ளி. அந்த நடையை அவசரப்படாமல் அனிமேட் செய்ய வேண்டும். ஆண் ஆமை கரைக்கு வராது. அதனால் பெண் ஆமையை பேஸுக்குப் பக்கத்து மணலில் பத்திரமாக விடலாம், ஆணுக்குத் தண்ணீரில் வேலி கட்டியாக வேண்டும். ஆண், பெண் வித்தியாசம் எண்களில் மட்டும் இல்லாமல் ப்ளேயரின் கட்டுமானத்தையே மாற்றும் விலங்குகள் கேம்களில் அபூர்வம்.

குறைகள் இல்லாமல் இல்லை. சண்டைக்கு ஆகாது, கடி என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. கணவாயைப் போல முதல் பார்வையில் வாயைப் பிளக்க வைக்காது, டிரெய்லரில் இதைப் பார்த்து யாரும் கேமை வாங்க மாட்டார்கள். மல்டிபிளேயரில் மற்றவர்கள் மோசசாரஸில் வரும்போது ஆமையில் எதிர்த்து நிற்க முடியாது. இவற்றைச் சரிசெய்கிறேன் என்று ஆமைக்கு அடிபலத்தைக் கூட்டினால் வடிவமைப்பு கெட்டுவிடும் என்பது என் உறுதியான எண்ணம். சண்டைக்குப் போகிறவர்களுக்கு வேறு விலங்குகள் இருக்கின்றன.

பழக்கும் முறைக்கு மயக்க அம்பு வேண்டவே வேண்டாம். மயங்கிய விலங்கு தண்ணீரில் மிதக்க, நான்கு பக்கமும் காவல் காக்கும் அந்தச் சலிப்பைப் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. ஆழத்தில் அறுந்து கிடக்கும் பழைய வலையில் ஒரு ஆமை சிக்கியிருக்கட்டும். கத்தியோடு இறங்கி ஒவ்வொரு கயிறாக அறுக்க வேண்டும், அறுக்க அறுக்க அதன் மூச்சும் நம் மூச்சும் குறைந்துகொண்டே வரும், அவசரத்தில் துடுப்பில் கத்தி பட்டால் அது பதறி இன்னும் வேகமாக மூச்சை இழக்கும். கடைசிக் கயிறு அறுந்ததும் அது மேலே போகும், ப்ளேயர் பிடித்துக்கொண்டால் கூடவே போகலாம். ஒரே மூச்சுப் பார் என்ற விதி அப்போதே புரிந்துவிடும், தனியாக டுடோரியல் எதுவும் தேவைப்படாது.

முதல் சோதனைப் பதிப்பில் நான் இந்த மூச்சுப் பாரையும் ஜெல்லி மீன் மேய்ச்சலையும் மட்டும்தான் வைப்பேன், ஒரு சுறாவை விட்டுத் துரத்தச் சொல்லி ஆட்களை விளையாட வைப்பேன். முட்டை, குஞ்சு, கரை நடை எல்லாம் அதற்குப் பிறகு. ஒளிவதா, ஓடுவதா என்று ப்ளேயர்கள் தயங்காமல் எல்லா முறையும் ஓடிவிட்டால், மூச்சு கரையும் வேகத்தைத்தான் முதலில் கூட்டிப் பார்க்க வேண்டும், சுறாவைத் தொடக் கூடாது.