விஆர் ஹெட்செட் வாங்க குவெஸ்ட் 3எஸ் போதுமா, குவெஸ்ட் 3 வேணுமா?

போனைச் செருகிக் கண்ணில் மாட்டும் விஆர் (மெய்நிகர் உலகம் காட்டும்) பெட்டிகள் புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும், ஓரடி முன்னே நகர்ந்தால் அசையாது. தலைசுற்றுவது அதனால்தான். கூகுளே இதே மாதிரியான தன் காட்போர்ட் பெட்டியின் விற்பனையை 2021இல் நிறுத்திவிட்டது.

உண்மையான போட்டி மெட்டாவின் (ஃபேஸ்புக் கம்பனி) இரண்டு ஹெட்செட்டுகளுக்கு இடையில். குவெஸ்ட் 3, 2023 ஒக்டோபரில் 500 டொலருக்கு வந்தது. 3எஸ் அடுத்த ஒக்டோபரில் 300 டொலருக்கு வந்தது. இரண்டிலும் சிப் ஒரேமாதிரி, ரேமும் அதே 8 ஜிபி, எடையும் ஏறக்குறைய 515 கிராம்தான். அப்புறம் எதற்கு அந்த 200 டொலர்? முக்கியமாக லென்ஸுக்கு. 3எஸ்ஸில் வளையம் வளையமாக வரி விழுந்த பழைய ஃபிரெஸ்னல் லென்ஸ். நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கல், இருட்டுக் காட்சியில் வெளிச்சக் கீற்றுகள். குவெஸ்ட் 3இன் மெல்லிய பான்கேக் லென்ஸில் ஓரத்து எழுத்தையும் வாசிக்கலாம். கண்களுக்கு இடையிலான தூரத்தையும் அதில் சில்லைச் சுழற்றி நுணுக்கமாகச் சரிசெய்யலாம். 3எஸ்ஸில் மூன்றே நிலைகள். இரண்டையும் மாட்டிப் பார்த்த அக்கா, குவெஸ்ட் 3ஐக் காட்டி, "தம்பி, இதில எழுத்து நிக்குது, அதில கலங்குது" என்றார்.

துள்ளி விளையாட மட்டும் என்றால் 3எஸ் தாராளம். படம் பார்க்க, கணினித் திரையாகப் பாவிக்க என்றால் காசு சேர்த்து 3ஐ எடுங்கள். 10 வயதுக்குக் கீழே மெட்டாவே வேண்டாம் என்கிறது.

பிளேஸ்டேஷன் விஆர்2, வீட்டில் பிஎஸ்5 இருப்பவர்களுக்கு. ஓஎல்இடி திரையில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். ஆனால் வயர் கூடவே வரும்.

மிச்சக் காசில் முதலில் நல்ல தலைப்பட்டி வாங்குங்கள். கூட வரும் துணிப்பட்டியில் பாரம் முழுக்கக் கன்னத்தில் இறங்கும். அடுத்தது ஹெட்செட்டில் முகம் படும் இடத்துக்கு சிலிக்கோன் உறை. கொழும்புப் புழுக்கத்தில் உள்ளே இருக்கும் ஸ்பொஞ்ச் வியர்வையைக் குடித்து நாறிவிடும். கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்தால் விலை குறையலாம், ஆனால் பழுதானால் யாரிடம் போவது? பம்பலப்பிட்டிக் கடையில் எடுத்தாலும் வாரண்டி கடையினதா, கம்பனியினதா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

லென்ஸில் வெயில் விழ விடவே கூடாது. பல்கனிப் பக்கம் சில நிமிடம் கிடந்தாலே திரை கருகிவிடும். விளையாட இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் இடம் வேண்டும். வெள்ளவத்தை ஃபிளாட்டில் கதிரைகளை ஒதுக்கினால் அது கிடைத்துவிடும். கையை உயர்த்துமுன் மேலே சுற்றும் ஃபேனை நிறுத்துங்கள்.