நீளமா, நேரா? டீயில் நிற்கும்போது எதை நம்புவது

கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நிற்கும்போது கையில் தூரம் போகும் டிரைவர் மட்டையா, நேராகப் போகும் அயர்ன் மட்டையா? கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து கோல்ஃப் ஆடப் போகிறவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது திருவனந்தபுரம் கவடியாரின் ஒன்பது குழி மைதானம். அங்கே மூத்தவர்கள் சொல்லும் முதல் பாடம், "நேரா போனாப் போதும்டே மக்கா, தூரம் தானா வரும்." அன்பாகச் சொல்வதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதிதான் சரி.

தூரத்தின் பக்கம் முதலில். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் அடிக்கப்பட்ட லட்சக்கணக்கான அடிகளை அலசி, எந்த இடத்திலிருந்து குழியை முடிக்கச் சராசரியாக எத்தனை அடி (ஷாட்) ஆகிறது என்று அட்டவணை போட்டார். குழிக்கு 140 கெஜத்தில், புல்லைக் குட்டையாக வெட்டிய நடுப்பாதையான ஃபேர்வேயிலிருந்து 2.91, ஓரத்து நீளப் புல்லான ரஃப்பிலிருந்து 3.15. 180 கெஜத்தில் ஃபேர்வேயிலிருந்து 3.08, ரஃப்பிலிருந்து 3.31. ரஃப்பில் விழுந்தால் ஏறக்குறைய கால் அடி நஷ்டம். இதை மட்டும் பார்த்தால் "நேராக அடி" என்பவர்கள் ஜெயித்த மாதிரிதான் தெரியும்.

இப்போது 420 கெஜக் குழி ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிரைவரில் 280 போனால் மீதி 140. அயர்னில் 240 போனால் மீதி 180. டிரைவரில் பாதி நேரம்தான் ஃபேர்வேயில் விழுகிறது என்று வைத்தாலும் சராசரி 3.03 வருகிறது. அயர்ன்காரர் ஒரு தடவைகூடத் தவறாமல் ஃபேர்வேயிலேயே போட்டாலும் அவருக்கு 3.08! நூற்றுக்கு நூறு நேராக அடிப்பவர் உலகத்திலேயே கிடையாது. 65 சதவீதம் என்று நியாயமாக வைத்தால் அவர் கணக்கு 3.16 ஆகிவிடும். இவை தொழில்முறை ஆட்டக்காரர்களின் எண்கள். நம்மைப் போன்றவர்களுக்கு 180 கெஜத்திலிருந்து கிரீனை (குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்தரையை) பிடிப்பது இன்னும் கடினம் என்பதால், கிட்டே போய் நிற்பதன் மதிப்பு நமக்குக் கூடுமே தவிர குறையாது.

2020 அமெரிக்க ஓப்பன் இதற்குக் கண்கூடான சாட்சி. விங்ட் ஃபுட் மைதானத்தில் பிரைசன் டிஷாம்போ 56 ஃபேர்வேகளில் 23-ஐத்தான் பிடித்தார். ஆறு அடி வித்தியாசத்தில் கோப்பையும் அவருக்கே. அடர்ந்த ரஃப்பில் எல்லாருமே விழுந்தார்கள். அவர் கிரீனுக்குப் பக்கத்தில் விழுந்தார்.

சரி, நேராக அடிப்பவர்கள் தோற்றவர்களா? இல்லவே இல்லை. கால்வின் பீட் 1981 முதல் 1990 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் டூரின் துல்லியப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர். 2007 மாஸ்டர்ஸில் ஸாக் ஜான்சன், ஐந்து அடியில் முடிக்க வேண்டிய ஒரு பார் 5 குழியில்கூட இரண்டாவது அடியில் கிரீனைக் குறிவைக்காமல், அந்தக் குழிகளில் மட்டும் 11 அடி மிச்சம் பிடித்துப் பட்டம் வென்றார். நம் பெங்களூரு அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தது, வெண்கலம் ஒரே அடியில் கைநழுவியது, எல்லாம் நினைவிருக்கும். அவர் டிரைவ் மற்றவர்களுடையதைவிட வெகு குட்டை. எனக்கு அவர் ஆட்டம்தான் உயிர். ஆனால் அவரைத் தூக்கி நிறுத்தியது டீ அடியைவிட அவருடைய பட்டிங், அதாவது கிரீனில் பந்தை உருட்டிக் குழியில் போடும் கை. அந்தக் கை நமக்கு இல்லையென்றால் அவர் வழியை அப்படியே பின்பற்ற முடியாது.

அப்போது எப்போதும் டிரைவர்தானா? இங்கேதான் மைதான எல்லையைக் காட்டும் வெள்ளை முளைகள் வருகின்றன. எல்லையைத் தாண்டிய பந்துக்கு ஒரு அடி தண்டம், அதோடு பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு அடி போச்சு. மேலே டிரைவர் தந்த ஆதாயம் குழிக்கு 0.13. பதினைந்து டிரைவில் ஒன்று கூடுதலாக வெளியே போனாலே அத்தனையும் காலி. அஞ்ச வேண்டியது ஃபேர்வே விளிம்பை அல்ல, அந்த முளைகளையும் தண்ணீரையும்தான்.

காற்றைச் சொல்லாமல் நம் பக்கத்து ஆட்டக்காரருக்கு இது முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடியில் காற்றாலைகள் சுற்றும் வேகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எதிர்காற்று பறிக்கும் தூரத்தைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது. பக்கக்காற்றில் பந்து வானத்தில் இருக்கும் நேரம் கூடக்கூட விலகலும் கூடும். "காற்றடிக்கிறது, அயர்ன் எடு" என்பது எனக்கு ஒப்பவில்லை. உயரக் கிளம்பும் அயர்ன் பந்தை எதிர்காற்று இன்னும் மேலே தூக்கி அங்கேயே போட்டுவிடும். பந்தை ஏந்தும் டீ குச்சியைக் கொஞ்சம் அழுத்தி வைத்து, டிரைவரை முக்கால் வேகத்தில் தாழ அடிப்பது மேல்.

மழைக்காலமோ நமக்கு இரண்டு. ஈரத்தரையில் பந்து உருளாது, தூரம் குறையும். ஆனால் விழுந்த இடத்திலேயே நிற்பதால் ஓடிப்போய் மரத்தடியில் ஒளியும் ஆபத்தும் குறையும். ஜூலையிலும் நவம்பரிலும் தயங்காமல் டிரைவர் எடுக்கலாம்.

ஆரம்பக்காரருக்கு மட்டும் வேறு பதில். பந்து எந்தப் பக்கம் வளையும் என்று அடிக்கும் முன் சொல்லத் தெரியாதவரை டிரைவரைவிடக் குட்டையான 5 வுட் மட்டையே போதும். ஒரே பக்கம் வளையத் தொடங்கியதும் டிரைவருக்கு மாறி, வளைவுக்கு இடம்விட்டு எதிர்ப்பக்கம் குறிவைக்கலாம். அப்புறம், ஸ்கோர் கார்டில் ஃபேர்வே எத்தனை என்று டிக் போடும் கட்டத்தில் தண்ட அடி எத்தனை என்று எழுதிப் பாருங்கள். டிரைவர் எடுத்த குழிகளுக்கும் எடுக்காத குழிகளுக்கும் தனித்தனியாக எழுதினால், எந்தக் குழியில் எதை எடுப்பது என்று அந்த அட்டையே காட்டிவிடும்.