144 ஹேர்ட்ஸ் எண்டு 58,000 ரூபாவுக்கு 60ஐத் தலையில கட்டிட்டாங்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் யூஸ்ட் மொனிட்டர் தேடுற ஆக்கள், காசு குடுக்க முதல் இதை வாசியுங்கோ. 144 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 144 தரம் படம் மாத்துற மொனிட்டர் எண்டு சொல்லி வித்தது, போனது 58,000 ரூபா. காலி வீதியில ஒரு பழைய கணினிச் சாமான் விக்கிற கடை, பேர் வேண்டாம்.

கடைக்காரர் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கைத் திறந்து 144 எண்டு காட்டினார். மொனிட்டர் மெனுவிலயும் 144. "கண்ணால பாருங்க தம்பி, பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப் போகுது" எண்டு மவுஸையும் ஆட்டிக் காட்டினார். அதிலதான் காசை எண்ணிக் குடுத்தது.

ரெண்டு இடத்திலயும் தெரியுற 144 உள்ள வாற சிக்னல். பனல், அதாவது படம் காட்டுற திரை, அத்தனையையும் காட்டுதா எண்டு அது சொல்லாது. இதில இருக்கிறது 60 பனல். செக்கனுக்கு வாற 144 ஃபிரேமையும், அதாவது தனித்தனிப் படத்தையும், வாங்கி மிச்சத்தை எறியுது. கேமில எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தினை ஃபிரேம் எண்ட கணக்கு) 144ல நிக்குது, கமராவைத் திருப்பினால் சுவர் வெட்டி வெட்டிப் போகுது. 144ஐ 60ஆல பிரிச்சால் 2.4. அரை ஃபிரேம் காட்டேலாது, அதால 2, 3, 2, 3, 2 எண்டு தாண்டுது. பனல் 16.7 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா ஒழுங்காத்தான் மாறுது, ஆனா படம் ஒருக்கா 13.9 மில்லிசெக்கன் நகரும், அடுத்த முறை 20.8. அந்த உதறல்தான் கண்ணைக் குத்துது. 60க்கு இறக்கி வி-சிங்க் (ஃபிரேமைப் பனலோட ஒத்து ஓட வைக்கிற செட்டிங்) போட்டால் வடிவா ஓடுது! 144ஐ விட 60 நல்லா ஓடுற சாமானுக்கு 58,000.

பிடிபட்டது பிரவுசரில ஓடுற ஃபிரேம் ஸ்கிப் டெஸ்டில, அதாவது மொனிட்டர் ஃபிரேமைத் தாண்டுதா எண்டு பார்க்கிறதில. ஃபிரேமுக்கு ஒரு கட்டமா வெளிச்சம் நகரும். போன் கமராவை ப்ரோ மோடில போட்டு, ஷட்டர் 1/10 செக்கன், கை ஆடாமல் எடுக்கோணும். உண்மையான 144 எண்டால் 14 கட்டம் அளவில ஒட்டி வரும். இதில 6 மட்டும், இடையில ஒண்டு ரெண்டு கட்டம் இருட்டு. பிரவுசர் திக்கினாலும் இடைவெளி விழும். மற்ற எல்லாத்தையும் மூடிப்போட்டு நாலைஞ்சு படம் எடுங்கோ.

கடைக்குப் போன் அடிச்சால் முதல் "டிரைவர் பிரச்சினை". பிறகு "கேபிளை மாத்திப் பாருங்க". டிஸ்பிளேபோர்ட் கேபிளும் வாங்கிப் போட்டாச்சு, அதே 6 கட்டம். பிறகு "முதலாளி சனிக்கிழமை வருவார்". சனிக்கிழமை போனால் "செக்கிங் வாரண்டி மூண்டு நாள்தானே தம்பி". படத்தைக் காட்டினால் "போன் கமராவை நம்பேலாது" எண்டுறார்.

கடையிலயே அந்தப் படத்தை எடுங்கோ, விடாட்டி வெளியில வாங்கோ. பில்லில 144 ஹேர்ட்ஸ் எண்டு எழுதச் சொல்லுங்கோ. என்ர பில்லில "27 மொனிட்டர் யூஸ்ட், 58,000" மட்டும். பாவனையாளர் அதிகார சபை நம்பர் 1977, திங்கள் காலையில அடிக்கப் போறன்.