ஃபோர்ட் மெக்மரியில் 9 ஆண்டுகள்: வரவு, செலவு, மிச்சம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், எட்மண்டனிலிருந்து 435 கிலோமீட்டர் வடகிழக்கே, காட்டுக்கு நடுவே இருக்கிறது ஃபோர்ட் மெக்மரி. மண்ணுக்கடியில் எண்ணெய் மணல், அதாவது கெட்டி எண்ணெய் கலந்த மணல், கிடந்திராவிட்டால் இன்றும் அது ஆற்றங்கரைச் சிற்றூராகவே இருந்திருக்கும். 2012 செப்டம்பரில் அங்கே வேலைக்குப் போனேன். 2021 ஜூனில் டொராண்டோவுக்குத் திரும்பினேன். "அங்கே போகலாமா?" என்று இப்போதும் யாராவது தொலைபேசியில் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் பேசிச் சலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

நான் கொதிகலன் இயக்குபவன். எண்ணெய் மணலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மேலிருந்து தோண்டி எடுக்கும் ஆழத்தில் இருக்கிறது. மற்றதை எடுக்க, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கிணறுகளைக் கிடைமட்டமாகத் துளைத்து, மேல் கிணற்றில் நீராவியைச் செலுத்துவார்கள். தாரைப் போல இறுகிக் கிடக்கும் பிட்டுமென் என்ற அந்தக் கெட்டி எண்ணெய் இளகிக் கீழ்க் கிணற்றில் வடியும். அந்த நீராவியைத் தயாரிப்பதுதான் என் பிழைப்பு. தீபாவளிக்கும் அணையாத அடுப்பு, கிறிஸ்துமஸுக்கும் அணையாத அடுப்பு. அதைப் பார்த்துக்கொள்பவனுக்கு மட்டும் விடுமுறை எங்கிருந்து வரும்?

அந்த ஊர் எனக்குக் கொடுத்ததில் சந்தேகமே இல்லாத நன்மை, தொழில். டொராண்டோவில் ஒரு கட்டடத்தின் கொதிகலன் அறையில் நான்கு ஆண்டுகள் மானியைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே இரண்டாவது மாதத்திலேயே தனியாக ஒரு பகுதியை ஒப்படைத்துவிட்டார்கள். என் திறமையைக் கண்டு அல்ல, ஆள் இல்லாததால். ஆள் பற்றாக்குறை உள்ள ஊரில் இளையவனுக்குக் கிடைக்கும் வாய்ப்பைப் பெருநகரத்தில் பத்து ஆண்டுகள் வரிசையில் நின்றாலும் பெற முடியாது. ஊரிலேயே இருக்கும் கியானோ கல்லூரியில் படித்து, கொதிகலன் இயக்குபவர்களுக்கான 3-ஆம் நிலைச் சான்றிதழ் வாங்கினேன். இன்று டொராண்டோவில் எனக்கு வேலை இருப்பதே அந்தக் காகிதத்தால்தான்.

அடுத்து பணம். எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். டொராண்டோவில் மணிக்கு 26 டாலர் வாங்கியவனுக்கு அங்கே 43 டாலர். ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது. ஒன்டாரியோவில் 13 சதவீதம் கட்டிய கைக்கு அங்கே 5 சதவீதம்தான். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? அப்போது அந்த ஊரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை மாதம் 2,000 டாலருக்கு மேல். முதல் ஆண்டு நான் ஒரு வீட்டின் நிலவறையில் ஒற்றை அறைக்கு 1,200 டாலர் கொடுத்தேன். ஜன்னல் என்று ஒன்று இருந்தது; அதற்கு வெளியே ஏப்ரல் வரை பனிச் சுவர்.

வாடகையைக்கூட மன்னிக்கலாம். மனிதனைக் கவிழ்ப்பது பக்கத்தில் இருப்பவனின் வாழ்க்கை. என்னோடு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது சம்பளத்துக்குள் பெரிய பிக்கப் டிரக் வாங்கிவிட்டார்கள். அடுத்து பனியில் ஓட்டும் வண்டி, அதை இழுத்துப் போக டிரெய்லர், எல்லாம் கடனில். 2006 முதல் அங்கே இருந்த ஒரு தமிழ் அண்ணன் என்னிடம், "தம்பி, இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றுதான் நானும் வந்தேன். தவணை முடிந்தால் போய்விடுவேன்" என்றார். ஆறு ஆண்டுகளில் எத்தனை தவணை என்று நான் கேட்கவில்லை. அவரே 7 லட்சம் டாலருக்கு ஒரு வீடும் வாங்கினார். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. அவருடைய வேலை, வீட்டின் விலை, வீட்டை வாங்கக்கூடியவர்களின் வேலை மூன்றும் சேர்ந்து விழுந்தன. இந்த ஊரின் உண்மையான ஆபத்து குளிர் அல்ல. எல்லாமே ஒரே விலையில் தொங்குவதுதான். சம்பளம் அங்கே வாங்கலாம், சேமிப்பை அங்கே வைக்கக்கூடாது என்பது என் கருத்து. வீடு வாங்கி லாபம் பார்த்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் முன்பே வந்தவர்கள்.

2015-இல் எங்கள் பிரிவில் மூன்றில் ஒருவரை அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை காலை வாயிலில் அடையாள அட்டையைக் காட்டினால் கதவு திறக்காது. செய்தி சொல்லும் முறை அதுதான். எனக்குத் திறந்தது. மகிழ்ச்சி அடைந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கம்.

குளிரைப் பற்றி ஒரு பத்தி போதும். மைனஸ் 40 வரும். காரின் முகப்பில், இன்ஜினைச் சூடாக வைக்க, ஒரு மின்கம்பி தொங்கும். இரவு அதைப் பிளக்கில் செருகாவிட்டால் காலையில் இன்ஜின் கிளம்பாது. டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்கூட இல்லை, பகல் ஷிஃப்ட் என்றால் அதையும் பார்க்க மாட்டீர்கள். பழகிவிடும். வானில் பச்சை ஒளி அலையும் இரவுகளில் மகளை எழுப்பிக் கம்பளியோடு வாசலுக்குத் தூக்கி வந்திருக்கிறேன். அதற்கு நான் கணக்கு எழுதவில்லை.

ஆம், 2013-இல் மனைவியும் நான்கு வயது மகளும் வந்துவிட்டார்கள். ஊரின் டிம்பர்லி பகுதியில் வாடகை வீடு. பள்ளி நன்றாக இருந்தது, மக்டொனால்ட் தீவின் விளையாட்டு அரங்கும் நீச்சல் குளமும் டொராண்டோவில்கூட அவ்வளவு அருகில் எங்களுக்குக் கிடைத்ததில்லை. குடும்ப மருத்துவர் கிடைப்பதுதான் பெரும்பாடு. நான் 12 மணி நேர வேலை, பஸ்ஸில் போக வர இரண்டரை மணி நேரம். வீட்டில் இருந்தேன் என்று சொல்வதற்கு உறங்கினேன் என்று பொருள்.

2016 மே 3. பகல் ஷிஃப்ட். ஊருக்கு வடக்கே ஆலையில் இருந்தபோது, காட்டுத் தீயால் தெற்கு வானம் செம்பழுப்பாக மாறுவதைப் பார்த்தோம். மாலைக்குள் ஊர் முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். 80,000-க்கும் மேற்பட்டவர்கள், வெளியேற ஒரே சாலை, 63-ஆம் நெடுஞ்சாலை. தொலைபேசி இணைப்பே கிடைக்கவில்லை. தெற்கே போக வழியில்லாமல் ஆயிரக்கணக்கானவர்களை வடக்கே, தொழிலாளர் முகாம்களை நோக்கித் திருப்பினார்கள். அதில் என் மனைவியும் ஒருத்தி. இரவு 11 மணிக்கு முகாம் வாசலில் எங்கள் காரைப் பார்த்தேன். பின் இருக்கையில் மகளோடு பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ் பாட்டி. அவருடைய பிள்ளைகள் வேலையில் மாட்டிக்கொண்டதால் மனைவி கையைப் பிடித்து ஏற்றிவந்திருக்கிறாள். ஒற்றைக் கட்டில் அறையில் நான்கு பேர். சமையற்கூடம் இரவெல்லாம் திறந்திருந்தது. யாரிடமும் யாரும் அட்டை கேட்கவில்லை. அந்த ஊர் மனிதர்களைப் பற்றி யாராவது ஏளனமாகப் பேசினால் நான் சண்டைக்குப் போவது அந்த இரவால்தான்.

மூன்று நாள் கழித்து, போலீஸ் வாகனங்கள் வழிகாட்ட, எரிந்த ஊரின் ஊடாகவே தெற்கே வந்தோம். சுமார் 2,400 கட்டடங்கள் அழிந்திருந்தன. எங்கள் வீடு தப்பியது. ஜூனில் நான் திரும்பியபோது தெருவெங்கும், கதவைச் சுற்றி டேப் ஒட்டிய குளிர்சாதனப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒரு மாதம் மின்சாரமின்றி உள்ளே அழுகியதைத் திறந்து பார்க்கும் தைரியம் எவருக்கும் இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்க: மாதம் 30 டாலர் கட்டிய வாடகைதாரர் காப்பீடுதான் எங்கள் விடுதிச் செலவையும் புகை படிந்த பொருள்களின் செலவையும் கொடுத்தது.

மனைவியும் மகளும் டொராண்டோவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். நான் முகாமுக்கு மாறினேன். 14 நாள் வேலை, 7 நாள் ஓய்வு. விமானத்தில் போய் வருவது. அறை, சாப்பாடு இலவசம், மது கூடாது, காலணியை வாசலில் கழற்ற வேண்டும். சாப்பாடு மோசமில்லை, அலுப்பு. பையில் எப்போதும் ஒரு பொட்டலம் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இருக்கும். எங்கள் மேசையில் நியூஃபவுண்ட்லாந்துக்காரர்கள் அதை உருளைக்கிழங்கில் தூவப் பழகிக்கொண்டார்கள்.

அங்கேதான் ஒரு இரவு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். 21 நாளுக்கு ஒரு சுற்று; ஆண்டுக்கு 17 சுற்று. ஏழு நாள் ஓய்வில் பயணத்துக்கு இரண்டு நாள், இரவு ஷிஃப்டின் தூக்கத்தைத் தீர்க்க ஒரு நாள். மிச்சம் நான்கு. 17 முறை 4, ஆக 68. ஓர் ஆண்டில் நான் அப்பாவாக இருந்த நாள்கள் 68. மறுபக்கம், வேலை மணி 2,900-ஐத் தாண்டியது. வாரம் 40 மணி நேரம் உழைப்பவனுக்கு ஆண்டுக்கு 2,080. நான் "பெரிய சம்பளம்" என்று பெருமைப்பட்டதில் ஒரு பெரும்பகுதி, வெறும் கூடுதல் மணி நேரம்தான். அதே உழைப்பை டொராண்டோவில் இரண்டு வேலையாகப் பார்த்திருந்தால் யாரும் பாராட்டியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. குடும்பமும் வீடும் ஒன்டாரியோவில் இருந்ததால், டிசம்பர் 31 அன்று நான் அந்த மாகாணவாசி. வருமான வரியும் அந்த மாகாணக் கணக்கில்தான். ஆல்பர்ட்டா வரிச் சலுகையைக் கனவில் சேர்த்துக்கொண்டு கிளம்புபவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும்.

கேட்டு, கெஞ்சி, 2018-இல் 14/14 சுற்றுக்கு மாறினேன். ஆண்டுக்கு 2,184 மணி நேரம், கிட்டத்தட்ட எல்லோரையும் போல. வருமானம் குறைந்தது. வீட்டில் இருந்த நாள்கள் இரட்டிப்பாயின. இந்தச் சுற்று கிடைத்தால் போகலாம் என்று தயங்காமல் சொல்வேன். 14/7 என்றால், எத்தனை ஆண்டு என்பதை எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நாம் வைத்துக்கொண்டால் திருத்திவிடுவோம்.

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலரில் முடிந்தது. அதே வாரக் கடைசியில் ஆற்றில் பனிக்கட்டி அடைத்து வெள்ளம். சுமார் 13,000 பேர் மறுபடி வீடுகளை விட்டு வெளியேறினார்கள். கூடவே கொரோனா. முகாமில் தனித்தனி மேசை, தனித்தனிப் பொட்டலம். அதற்குப் பிறகு ஓராண்டு இருந்தேன், அவ்வளவுதான்.

போன மாதம் பழைய மேற்பார்வையாளர் அழைத்தார். 7 நாள் வேலை, 7 நாள் ஓய்வு, விமானச் செலவு அவர்களுடையது. வீட்டில் சொன்னேன். மனைவி நோட்டு எங்கே என்று கேட்டாள். மகள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "போய் வாருங்கள் அப்பா, எனக்கும் பரீட்சை நேரம்" என்றாள். மேற்பார்வையாளருக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.