ஃபார்மட்டுக்குத் தலையாட்டும் முன்: விண்டோஸோடு இலவசமாக வரும் பழுதுநீக்கும் கருவிகள், ஒரு மதிப்பீடு

மாலையில் இடியோடு மழை கொட்டுவதும் கரண்ட் ஒரு நொடி போய் வருவதும் கோலாலம்பூரில் வாடிக்கை. விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு நொடி போதும். எழுதி முடியாத சிஸ்டம் கோப்புகள் அரைகுறையாக நின்றுவிடும். அதன்பின் ஸ்டார்ட் மெனு திறக்காது. செட்டிங்ஸ் திறந்த கையோடு மூடிக்கொள்ளும். அப்டேட் ஒவ்வொரு தடவையும் ஒரு பிழை எண்ணைக் காட்டித் திரும்பிவிடும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பல இடங்களில் முதல் பதிலே "ஃபார்மட் பண்ணிடலாம்" என்பதுதான்.

ஃபார்மட் என்பது பழுதுபார்ப்பு அல்ல, வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. விண்டோஸுக்குள்ளேயே மூன்று கருவிகள் இருக்கின்றன: கெட்ட சிஸ்டம் கோப்புகளைத் திருத்தும் எஸ்எஃப்சி, அதற்கு நல்ல பிரதி தரும் கிடங்கைச் சரிசெய்யும் டிஸ்ம், உங்கள் கோப்புகளை வைத்துக்கொண்டே விண்டோஸை மறுபடி நிறுவும் ரிப்பேர் இன்ஸ்டால். வரிசை தவறாமல் ஓட்டினால் பெரும்பாலான கணினிகள் படங்களையும் மென்பொருள்களையும் இழக்காமல் எழுந்துவிடும். வரிசையைக் குழப்பினால் இதே கருவிகள் கைவிரித்துவிடும். "எஸ்எஃப்சி எதற்கும் உதவாது" என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எதையும் ஓட்டுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். கோப்பு கெட்டது நோயின் அறிகுறி மட்டுமே. நோய் டிஸ்க்கிலோ, கணினியின் தற்காலிக நினைவகமான ரேமிலோ இருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். பழைய வகை டிஸ்க்கில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைக் கவனிக்க வேண்டும். 05 என்பது கெட்டு ஒதுக்கப்பட்ட பகுதிகள், சி5 தீர்ப்புக்குக் காத்திருப்பவை, சி6 படிக்கவே முடியாதவை. சி5, சி6 பூஜ்யமாக இல்லாவிட்டால் பழுதுநீக்கம் பிறகு, பேக்கப் முதலில். சுழலும் தட்டு இல்லாத புதிய வகையான எஸ்எஸ்டியாக இருந்தால் 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' என்ற வரி பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் 'செக்டிஸ்க்' (தட்டச்சில் சிஎச்கேடிஎஸ்கே) கட்டளையை '/ஆர்' சேர்த்து ஓட்டிவிடுகிறார்கள். அது டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் மணிக்கணக்கில் படிக்கும். மூச்சு வாங்கும் டிஸ்க் அந்தச் சுமையிலேயே நின்றுபோகலாம். '/ஸ்கேன்' மட்டும் போட்டால் விண்டோஸ் ஓடும்போதே அது கோப்பு அமைப்பை மேலோட்டமாகச் சோதிக்கும். தொடக்கத்துக்கு அது போதும்.

கரண்ட்தான் காரணமா என்று தெரிந்துகொள்ள, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து, கெர்னல்-பவர் 41 என்ற எண்ணைத் தேடுங்கள். கணினி முறையாக அணையாமல் நின்ற ஒவ்வொரு தடவையும் அது பதிவாகும். அதே இடத்தில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7 என்ற எண் இருந்தால், டிஸ்க்கில் கெட்ட பகுதி இருக்கிறது என்று பொருள். 41 நிறைய இருந்து டிஸ்க் சுத்தமாக இருந்தால் மனம் தெளிவாகப் பழுதுநீக்கத்துக்குப் போகலாம். மேசைக் கணினிக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வாங்குவதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

இனி கருவிகள். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து, கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினல் அட்மினைத் திறக்க வேண்டும். விண்டோஸ் 10இல் அந்த இடத்தில் பவர்ஷெல் அட்மின் இருக்கும். அட்மின் அனுமதி இல்லாமல் எந்தக் கட்டளையும் நகராது. கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறோம், தட்டச்சு ஆங்கில எழுத்தில்தான். ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஓர் இடைவெளி உண்டு, பின்னால் கிடையாது. கைதவறும் இடம் இதுதான்.

பலரும் முதலில் 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்' என்று அடிக்கிறார்கள். எஸ்எஃப்சி கெட்ட கோப்பைக் கண்டுபிடித்ததும் நல்ல பிரதியை எங்கிருந்து எடுக்கும்? விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்றொரு கிடங்கு இருக்கிறது, அங்கிருந்துதான். அந்தக் கிடங்கே கெட்டிருந்தால் எஸ்எஃப்சியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கிடங்கைச் சரிசெய்யும் டிஸ்ம் முதலில், எஸ்எஃப்சி அடுத்து. மைக்ரோசாஃப்ட்டே பரிந்துரைக்கும் வரிசையும் இதுதான்.

அடிக்க வேண்டியது: 'டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்'. கடைசிச் சொல்லுக்குப் பதிலாக 'செக்ஹெல்த்' என்று போட்டால் சில நொடிகளில் பதில் வந்துவிடும். ஆனால் அது ஏற்கெனவே குறித்துவைக்கப்பட்ட பழுதை மட்டுமே படித்துச் சொல்லும்; புதிதாக எதையும் தேடாது. பழுதில்லை என்று அது சொன்னதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். உண்மையாகத் தேடுவது 'ஸ்கேன்ஹெல்த்', தேடித் திருத்துவது 'ரெஸ்டோர்ஹெல்த்'.

ரெஸ்டோர்ஹெல்த் நல்ல கோப்புகளை விண்டோஸ் அப்டேட் வழியாக இறக்கிக்கொள்ளும், எனவே இணையம் வேண்டும். எஸ்எஸ்டி உள்ள கணினியில் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் ஆகலாம். பழைய டிஸ்க் என்றால் இன்னும் நீளும். விண்டோஸ் 10இல் 62.3 விழுக்காட்டில் அசையாமல் நிற்பது பலருக்கும் பழக்கமான காட்சி. அது உறைந்துபோனதல்ல. ஜன்னலை மூடாமல் காத்திருங்கள். பாதியில் நிறுத்தினால் எல்லாம் முதலிலிருந்து.

0எக்ஸ்800எஃப்081எஃப் என்ற பிழை வந்தால், நல்ல கோப்பு எங்கும் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை நிறுவத் தேவையானதெல்லாம் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்க வேண்டும். 5 ஜிபிக்கு மேல் இருக்கும். கைப்பேசியின் பிரீபெய்ட் டேட்டாவில் இறக்காமல் வீட்டு வைஃபையில் இறக்குங்கள். அதை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு டிரைவாகத் திறக்கும். உள்ளே 'சோர்சஸ்' ஃபோல்டரில் 'இன்ஸ்டால்' என்ற பெரிய கோப்பு கிடக்கும். நேரடியாக இறக்கிய ஐஎஸ்ஓவில் அதன் பின்னொட்டு விம், மீடியா கிரியேஷன் டூல் வழியாக எடுத்ததில் இஎஸ்டி. டிஸ்ம் கட்டளையின் முடிவில் '/சோர்ஸ்:' போட்டு, விம் அல்லது இஎஸ்டி என்ற வகையையும் கோப்பின் முழு முகவரியையும் கடைசியில் பதிப்பு எண்ணையும் முக்காற்புள்ளியால் பிரித்து எழுதி, '/லிமிட்ஆக்சஸ்' சேர்க்க வேண்டும். ஒரே கோப்புக்குள் ஹோம், புரோ என்று பல பதிப்புகள் இருப்பதால்தான் அந்த எண். 'டிஸ்ம் /கெட்-விம்இன்ஃபோ' கட்டளையில் '/விம்ஃபைல்:' போட்டு முகவரியைக் கொடுத்தால் பட்டியல் வரும். எண்ணை ஊகிக்காமல் அதைப் பார்த்துப் போடுங்கள். ஐஎஸ்ஓவின் பதிப்பும் கணினியில் இருக்கும் பதிப்பும் பொருந்தாவிட்டால் அதே பிழை மறுபடி வரும்.

டிஸ்ம் முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு எஸ்எஃப்சி. நான்கு வகைப் பதில்கள் வரலாம். ஒன்று, பழுதே இல்லை; இரண்டு, இருந்தது, திருத்தியாயிற்று; மூன்று, இருந்தது, சிலவற்றைத் திருத்த முடியவில்லை; நான்கு, வேலையையே செய்ய முடியவில்லை. கடைசிப் பதில் வந்தால், அவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் போய் ஓட்டிப் பாருங்கள். 'ரிப்பேர் சர்வீஸைத் தொடங்க முடியவில்லை' என்று தனியாக ஒரு செய்தி வந்தால் விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் என்ற சர்வீஸ் முடக்கப்பட்டிருக்கும். 'வேகமாக்கும்' மென்பொருள்கள் செய்துவிட்டுப் போகும் வேலைகளில் அதுவும் ஒன்று. மூன்றாவது பதில் வந்தால் மேலும் ஓரிரு முறை ஓட்டலாம், ஒன்றையடுத்து மற்றொன்று சரியாவது உண்டு.

எந்தக் கோப்பு கெட்டது என்று அறிய விண்டோஸ் ஃபோல்டரில் லாக்ஸ், அதனுள் சிபிஎஸ் என்று போய் சிபிஎஸ் பதிவுக் கோப்பைத் திறந்து, 'எஸ்ஆர்' குறியிட்ட வரிகளைப் படியுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்புகள் கெட்டதாக வந்தால் சந்தேகத்தை ரேம் பக்கம் திருப்புங்கள். விண்டோஸ் மெமரி டயக்னஸ்டிக் இலவசம். மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு முழுக்க ஓட்டினால் இன்னும் நம்பகம். ரேம் கெட்ட கணினியில் எந்த மென்பொருள் திருத்தமும் நிலைக்காது.

எஸ்எஃப்சியும் தவறாகச் சொல்வதுண்டு. 2019 ஜூலையில் விண்டோஸ் டிஃபெண்டரின் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு, நல்ல நிலையில் இருந்த கோப்புகளையே அது கெட்டவை என்று பட்டியலிட்டது. அதன் எல்லையும் குறுகியது. மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளோடு அதன் வேலை முடிந்துவிடும். பிரின்டர் டிரைவர், வாங்கிப் போட்ட மென்பொருள், கெட்ட பயனர் கணக்கு எதையும் தொடாது. ஒரு கேம் திறக்கும்போது 'எம்எஸ்விசிபி140' இல்லை என்று வருவதும் சிஸ்டம் பழுதல்ல. மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை 64, 32 பிட் இரண்டு வகையிலும் நிறுவினால் தீர்ந்துவிடும். அந்த ஒற்றைக் கோப்பை மட்டும் ஏதோவொரு தளத்திலிருந்து இறக்கிப் போடுவது ஆபத்து.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் எஸ்எஃப்சியை ஓட்டவேண்டியதில்லை. லதா எழுத்துரு விண்டோஸ் 10 முதல் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்ற தனிக் கூறாகப் பிரிந்துவிட்டது. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸே திறக்காத நிலை என்றால், தொடங்கும்போதே இரண்டு மூன்று முறை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் மீட்புத் திரை வரும். அங்கே கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும்போது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். பிட்லாக்கர் போட்ட நினைவே இல்லாதவர்களின் மடிக்கணினியிலும் அது இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறந்து எடுக்கலாம். அப்டேட் பாதியில் கரண்ட் போன கணினிக்கு இங்கே ஒரு நல்ல மருந்து உண்டு: 'டிஸ்ம் /இமேஜ்:' போட்டு விண்டோஸ் இருக்கும் டிரைவைக் கொடுத்து, '/கிளீனப்-இமேஜ் /ரிவர்ட்பென்டிங்ஆக்ஷன்ஸ்'. முடியாத அப்டேட்டைத் திருப்பி எடுத்துவிடும். மீட்புத் திரையில் டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம்; சி என்று நினைத்தது டி ஆக இருக்கும். 'டிர்' கட்டளையால் விண்டோஸ் ஃபோல்டர் எங்கே என்று உறுதிசெய்த பிறகே ஓட்டுங்கள்.

இவை கைகொடுக்காவிட்டால், அல்லது கட்டளை அடிக்கவே தயக்கமாக இருந்தால், மூன்றாவது கருவியான ரிப்பேர் இன்ஸ்டால். மூன்றிலும் எங்களுக்கு அதிகம் பிடித்தது இதுதான். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால் விண்டோஸ் அப்டேட் வழியாகப் பழுதை நீக்கும் 'ரீஇன்ஸ்டால் நவ்' பொத்தான் இருக்கும். 22எச்2 பதிப்பில் 2024 பிப்ரவரிக்குப் பிந்தைய அப்டேட்டுகளோடு வந்தது. விண்டோஸின் கோப்புகள் புதிதாகும்; படங்கள், மென்பொருள்கள், அமைப்புகள் அப்படியே இருக்கும். விண்டோஸ் 10இல் இந்தப் பொத்தான் இல்லை. ஐஎஸ்ஓவைத் திறந்து செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் ஓடும்போதே உள்ளிருந்துதான் ஓட்ட வேண்டும். பென் டிரைவில் பூட் செய்தால் அந்த வாய்ப்பு வராது. சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

ஆப்களை வைத்துக்கொள்ளும் வாய்ப்பு, தேர்ந்தெடுக்க முடியாமல் மங்கலாகத் தெரிந்தால் மொழியைப் பாருங்கள். அமெரிக்க ஆங்கில விண்டோஸ் உள்ள கணினியில் 'இங்கிலிஷ் இன்டர்நேஷனல்' ஐஎஸ்ஓவை ஓட்டினால் ஆப்களை வைத்துக்கொள்ள அது விடாது. 'டிஸ்ம் /ஆன்லைன் /கெட்-இன்டல்' (கடைசிச் சொல் தட்டச்சில் ஐஎன்டிஎல்) என்று அடித்தால் உங்கள் கணினியின் மொழி தெரியும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், தகுதியுள்ள கணினியை இதே வழியில் 11க்கு ஏற்றினால் பழுதும் தீரும், பதிப்பும் உயரும்.

ஒரே கிளிக்கில் எல்லாம் சரியாகும் என்று விளம்பரம் செய்யும் கட்டண மென்பொருள்களுக்கு வெள்ளி கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. மேலே சொன்னதைத் தாண்டி அவை சிஸ்டம் கோப்புக்குச் செய்யக்கூடியது சொற்பம். விண்டோஸின் அமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கிளீனர்களை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. ஆண்டுச் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் ஏற்பாடும் அவற்றில் சகஜம்.

கடைக்குப் போகவேண்டிய நேரமும் உண்டு. டிஸ்க் அல்லது ரேம் மாற்றுவதென்றால் புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாகக் கடைகள் இருக்கின்றன. ஒரே நடையில் பல இடங்களில் விலை கேட்கலாம். கணினியைக் கொடுக்கும் முன் சில கேள்விகள் கேளுங்கள். டிஸ்க்கைச் சோதித்தீர்களா? ரிப்பேர் இன்ஸ்டால் முயன்றீர்களா? ஃபார்மட்தான் என்றால் பேக்கப் யார் பொறுப்பு? எந்தப் பதிப்பைப் போடுவீர்கள்? விண்டோஸோடு வாங்கிய மடிக்கணினிகளின் உரிம எண் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். ஹோமுக்குப் பதில் திருட்டு புரோவைப் போட்டுவிட்டால், கையிலிருந்த முறையான உரிமம் பயன்படாமல் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் 'எஸ்எல்எம்ஜிஆர் /எக்ஸ்பிஆர்' அடித்துப் பாருங்கள். 180 நாளுக்குள் காலாவதியாகும், நிறுவனங்களுக்கான வால்யூம் ஆக்டிவேஷன் என்று வந்தால் அது வீட்டுக் கணினிக்குரிய உரிமம் அல்ல.

நம்மவர்கள் மறந்துவிடும் ஒன்று, எழுத்துருக்கள். நம் நாட்டில் பிறந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலின் பழைய பதிப்புகளில் தட்டிய கோயில் கணக்கும் தமிழ்ப்பள்ளி வினாத்தாளும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்திய அந்த எழுத்துரு ஃபார்மட்டில் போய்விட்டால், கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸையும் பேக்கப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ரசீதில் செய்த வேலை, மாற்றிய பாகம், பேக்கப் எடுக்க ஒப்புக்கொண்டது மூன்றையும் எழுதி வாங்குங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவையையும் நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்து தர வேண்டும். தகராறு முற்றினால் பயனீட்டாளர் டிரிபுனலில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அங்கே முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.