லோயர் யூனிட்டில் தண்ணீர் புகுந்தால்: பிரஷர் டெஸ்டர் பல சீசன் அனுபவம்

படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில், தண்ணீருக்குள் இருக்கும் கியர் பகுதிதான் லோயர் யூனிட். அதன் கியர் ஆயில் பால் கலந்த காபி மாதிரி வெளியே வந்தால், பலரும் யோசிக்காமல் புரொப்பல்லர் ஷாஃப்ட் சீலை (ஷாஃப்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் இன்ஜினிலிருந்து கீழே இறங்கும் டிரைவ் ஷாஃப்டின் சீல், கியர் மாற்றும் ஷாஃப்டின் சீல், புரொப்பல்லர் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் கேரியரின் ஓ-ரிங், ஆயில் பிளக்குகளின் வாஷர் என்று தண்ணீருக்கு வேறு வழிகளும் உண்டு. எது என்று தெரிந்துகொண்டு கழற்றலாம் என்றுதான் பிரஷர் டெஸ்டர், அதாவது அழுத்தம் காட்டும் கேஜ் வைத்த கை பம்ப் ஒன்றை வாங்கினேன். காற்றை ஏற்றவும் செய்யும், உறிஞ்சவும் செய்யும். பல சீசன்களாக என் மோட்டாரிலும் நண்பர்களின் மோட்டார்களிலும் அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது.

பம்பைத் தொடுவதற்கு முன் ஆயிலைப் பார்த்துவிட வேண்டும். ஓடி முடித்த உடனே எடுத்த ஆயில் காற்றுக் குமிழாலும் வெளுத்துத் தெரியும். கண்ணாடி பாட்டிலில் சிறிது நேரம் வைத்தால் காற்று பிரிந்து தெளிந்துவிடும். தண்ணீர் கலந்து குழைந்தது அவ்வளவு லேசில் தெளியாது. மோட்டாரை இரவு முழுக்க நேராக நிறுத்திவிட்டு, காலையில் கீழ் பிளக்கை லேசாகத் தளர்த்தினால், அடியில் தங்கிய தண்ணீர் முதலில் சொட்டுவதும் உண்டு.

ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, ஒரு பிளக் துளையில் பம்பை மாட்டி, இன்னொன்றை மூடுகிறேன். எடுத்த எடுப்பில் முழு அழுத்தம் கொடுப்பதில்லை. சில சீல்கள் குறைந்த அழுத்தத்தில் கசியும். அழுத்தம் கூடினால் சீலின் உதடு, அதாவது அதன் உள் விளிம்பு, ஷாஃப்டோடு ஒட்டிக்கொண்டு நல்லபிள்ளை ஆகிவிடும். அதனால் 3 அல்லது 5 பிஎஸ்ஐயில் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்புறம் மேனுவல் சொல்லும் அளவுக்குப் போகிறேன். பல மோட்டார்களுக்கு அது 10 முதல் 15 பிஎஸ்ஐக்குள் இருக்கும். அதைத் தாண்டினால் நல்ல சீலே பிதுங்கிவிடும்.

முள் அசையாமல் நின்றாலும் வேலை முடியவில்லை. டிரைவ் ஷாஃப்டை அது வழக்கமாகச் சுற்றும் திசையில் மட்டும் மெதுவாகச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் அதில் மாட்டியிருக்கும் வாட்டர் பம்ப் இம்பெல்லரின் இறக்கை கெடும். புரொப்பல்லர் ஷாஃப்டையும் சுற்றி, கியரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். எதை அசைக்கும்போது முள் இறங்குகிறதோ அங்கே சோப்புத் தண்ணீரைத் தடவினால் நுரை காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கருவியில் எனக்கு அதிகம் பயன்பட்டது உறிஞ்சும் பக்கம்தான். ஓடிச் சூடான லோயர் யூனிட் தண்ணீரில் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். நண்பர் ஒருவரின் மோட்டார் அழுத்தச் சோதனையில் அசையாமல் நின்றது. காற்றை உறிஞ்சி வேக்குவம் கொடுத்ததும் முள் இறங்கிவிட்டது. புரொப்பல்லர் ஷாஃப்டில் சீல்கள் இரண்டு. ஆயிலைத் தடுக்கும் உள் சீல் நன்றாக இருந்தது, தண்ணீரைத் தடுக்கும் வெளி சீலின் உதட்டைத்தான் தூண்டில் நரம்பு அறுத்திருந்தது. புரொப்பல்லரைக் கழற்றும்போதெல்லாம் அதன் பின்னால் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமான இடத்தில் ஆயில் ஒரு சொட்டு விட்டால், அது உள்ளே போவது கண்ணுக்கே தெரியும்.

சீலை மாற்றும் முன் ஷாஃப்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய உதடு தேய்த்த பள்ளம் நகத்தில் இடறினால் புது சீலும் அதே இடத்தில் கசியும். பிளக் வாஷர்களை ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிதாகப் போடுவது நல்லது. பழையது துளைக்குள் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை வைத்து முறுக்கிய மோட்டார்களையும் பார்த்திருக்கிறேன்.

கருவியிலும் குறைகள் இருக்கின்றன. அதன் ஹோஸ் இணைப்பே கசிய ஆரம்பித்ததால், இப்போது முதலில் அதைத் தனியாக மூடி, முள் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். வெயிலில் வைத்தால் காற்று சூடாகி முள் தானே ஏறுகிறது, அதனால் நிழலில்தான் சோதனை. பிளக் மரை கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் அடாப்டர் தனியாகத் தேட வேண்டியிருந்தது. கேஜ் 30 பிஎஸ்ஐ வரைக்கும் இருந்தால் போதும். 100 வரை காட்டும் கேஜில் அரை பிஎஸ்ஐ இறங்கினால் கண்ணுக்கே தெரியாது.