கணுக்கால் முறிவு: அம்மாவுக்கு மாவுக்கட்டு, சித்தப்பாவுக்கு அறுவை சிகிச்சை, மருத்துவர் ஒருவரே

தஞ்சாவூரில் உள்ள ஒரு தனியார் எலும்பு மருத்துவமனையைப் பற்றிய மதிப்பீடு இது. நான்கு மாத இடைவெளியில் எங்கள் வீட்டில் இருவருக்குக் கணுக்கால் முறிந்தது. அங்கே இருவருக்கும் வைத்தியம் பார்த்த மருத்துவர் ஒருவரேதான். ஒருவருக்குக் கத்தி வைக்காமலே சரியானது. இன்னொருவருக்குப் பிளேட்டும் ஸ்க்ரூவும் தேவைப்பட்டன. பின்னால் நான் சொல்லப்போகும் குறை ஓர் இரவில் ஒரு பணியாளரால் நேர்ந்தது என்பதால், மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு வயது 63. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஐப்பசி மழையில் குடமுருட்டிப் படித்துறையில் பாசி வழுக்கி, வலது பாதம் உட்புறமாக மடங்கி விழுந்தார். அரை மணி நேரத்தில் கணுக்காலின் வெளிப்புறம் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிவிட்டது. தெருவில் இருவர் புத்தூர்க் கட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். அவர்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மூட்டு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்பது படம் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. கணுக்காலில் எல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அதை அந்த மருத்துவர் விளக்கிய விதத்துக்காகவே இதை எழுதத் தோன்றியது. தச்சர் ஒரு சட்டத்தில் பள்ளம் எடுத்து அதில் இன்னொரு கட்டையை இறுகப் பொருத்துவது போல, டிபியா, அதன் வெளிப்புறத்திலுள்ள பிபுலா என்னும் இரண்டு கீழ்க்கால் எலும்புகளின் கீழ்முனைகள் சேர்ந்து அமைக்கும் பள்ளத்தில் பாதத்தின் மேல் எலும்பான டேலஸ் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தின் ஒரு சுவர் மட்டும் விரிசல் விட்டு, டேலஸ் அசையாமல் இருந்தால் அது உறுதியான முறிவு. சுவர் விலகி டேலஸும் கூடவே நகர்ந்துவிட்டால் அது உறுதியற்ற முறிவு. டேலஸ் ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளிப்புறமாக நகர்ந்தாலும், மூட்டில் எலும்பும் எலும்பும் ஒட்டியிருக்கும் பரப்பு சராசரியாக 42 விழுக்காடு குறைந்துவிடுகிறது என்று, இறந்தோரின் கணுக்கால்களில் அளந்து பார்த்த ஓர் ஆய்வு 1976-இல் காட்டியது. குறைந்த பரப்பில் முழு உடல் எடையும் இறங்கினால், நாளடைவில் மூட்டு தேய்ந்துபோகும் வாய்ப்பு அதிகம்.

அம்மாவின் பிபுலா மூட்டின் மட்டத்திலேயே சாய்வாக முறிந்திருந்தது. முறிவு மூட்டுக்குக் கீழே இருந்தால் வேபர் ஏ, மட்டத்தில் இருந்தால் பி, மேலே இருந்தால் சி என்று எலும்பு மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். ஏ என்றால் பெரும்பாலும் கட்டு, சி என்றால் பெரும்பாலும் அறுவை. பி-யில்தான் தயக்கம் வரும், ஏனென்றால் உட்புறத்தில் டேலஸை விலகாமல் பிடித்திருக்கும் டெல்டாய்டு தசைநார் அறுந்திருக்கிறதா என்பது படுத்தபடி எடுக்கும் படத்தில் தெரியாமல் போகலாம். பணத்துக்காக உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவரோ அரைக்கட்டு மட்டும் போட்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். மீண்டும் போனபோது, வாக்கரைப் பிடித்தபடி அம்மாவை நிற்க வைத்து, அடிபட்ட காலில் எடையை ஊன்றச் சொல்லிப் படம் எடுத்தார். உட்புறத்தில் டேலஸுக்கும் பள்ளத்தின் சுவருக்கும் உள்ள இடைவெளி 4 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. “பயப்படாதீங்கம்மா, மூட்டு கெட்டியா இருக்கு, கத்தி வேணாம்” என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா இருக்கணும் தம்பி” என்று மட்டும் சொன்னார்.

இந்த வகை உறுதியான முறிவுக்குக் கட்டு எத்தனை வாரம் தேவை என்பதைப் பின்லாந்தில் 247 பேரிடம் ஆராய்ந்து 2019-இல் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள். மூன்று வாரக் கட்டு ஆறு வாரக் கட்டுக்குக் குறைந்ததாக இல்லை. இதை நான் கேட்டபோது மருத்துவர் மறுக்கவில்லை. ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்து, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, உள்ளங்காலில் பத்து இடங்களில் தொட்டார். நான்கு இடங்களில் அம்மாவுக்குத் தெரியவில்லை. சர்க்கரையால் உணர்வு குறைந்த காலில் எலும்பு மெதுவாகத்தான் கூடும், வலி தெரியாமல் அதிகமாக ஊன்றி முறிவை விலக்கிவிடவும் கூடும். எனவே ஆறு வாரம் முழுக்கட்டு என்றார்.

குறை இங்கேதான் நேர்ந்தது. மூன்றாவது வாரம் ஓர் இரவு, குதிகாலில் எரிகிறது என்று அம்மா சொன்னார். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர், “மாவுக்கட்டுன்னா அப்படித்தான் இருக்கும், காலைல கூட்டிட்டு வாங்க” என்று வைத்துவிட்டார். காலையில் கட்டை வெட்டித் திறந்தபோது, குதிகாலில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் கருத்து உரிந்திருந்தது. உணர்வு குறைந்த காலில் எரிச்சல் தெரிகிறது என்றால் அது ஏற்கெனவே வெகுதூரம் போயிருக்கலாம். அன்றிரவே வரச் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவர் மன்னிப்புக் கேட்டார், கழற்றி மாட்டக்கூடிய, பூட்ஸ் போன்ற தாங்கிக்கு மாற்றினார், புண்ணுக்குக் கட்டணமின்றி மருந்து வைத்துக் கட்டினார். நைலான் இழைச் சோதனைக்குப் பிறகும் முழுக்கட்டை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, அந்தத் தாங்கியைத் தந்தால் பலர் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு நடக்கிறார்கள் என்றார். அம்மாவை அறிந்தவன் என்ற முறையில் அதை நான் மறுக்க முடியாது. ஆனாலும் வாரம் ஒருமுறை கட்டைத் திறந்து தோலைப் பார்த்திருக்கலாம். புண் ஆற ஐந்து வாரம் ஆனது. கத்தி வைக்காத சிகிச்சை என்றாலே ஆபத்தில்லாதது என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பாவின் கதை வேறு. மாசியில் சம்பா அறுவடை முடிந்து, கல்லணைக் கால்வாய்க் கரைச் சாலையில் காயப்போட்டிருந்த நெல்லில் வண்டி சறுக்கியது. இரு பக்கமும் முறிந்து, டேலஸ் வெளியே நகர்ந்து, பாதம் பார்க்க முடியாதபடி திரும்பியிருந்தது. அரசு மருத்துவமனையில் உடனே இழுத்து நேராக்கி அரைக்கட்டுப் போட்டார்கள். இந்த அவசர வேலை தாமதமானால் மேலிருக்கும் தோலே செத்துவிடும். அதன்பின் அவரை இங்கே கொண்டுவந்தோம். சாலை விபத்து என்பதால், 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் இலவசம். இந்த மருத்துவமனை அந்தப் பட்டியலில் இல்லை. வசதி குறைந்தவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

சேர்ந்த அன்றே ஆபரேஷன் செய்யவில்லை என்று சித்தி கலங்கினார். வீங்கிப் பளபளக்கும் தோலில் கத்தி வைத்தால் காயம் மூடாது என்று மருத்துவர் சொன்னார். காலைத் தலையணைகளின் மேல் உயர்த்தி வைத்தார்கள். தினமும் காலையில் வந்து கணுக்காலின் ஓரத்தோலை இரு விரலால் மெல்லச் சேர்த்துப் பார்ப்பார், சுருக்கம் விழாது. ஒன்பதாம் நாள் மெல்லிய கோடுகளாகச் சுருக்கம் விழுந்தது. மறுநாள் முதுகில் ஊசி போட்டு, பிபுலாவில் ஒரு பிளேட், உட்புறம் இரண்டு ஸ்க்ரூ, இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடிக்க குறுக்கே ஒரு ஸ்க்ரூ வைத்தார். பீடியை நிறுத்தினால்தான் தையல் பிரிப்பேன் என்று சித்தப்பாவிடம் கறாராகச் சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது. புகை காயத்தையும் எலும்பையும் எளிதில் ஆறவிடாது.

வயதானவர்களுக்கு உறுதியற்ற முறிவு வந்தாலும் கட்டிலேயே சமாளிக்கலாமா என்பதற்கு, பிரிட்டனில் 60 வயதைக் கடந்த 620 பேரிடம் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. மயக்கம் கொடுத்து, தோலோடு ஒட்டி வார்க்கும் தனி வகைக் கட்டு ஒரு பாதிப்பேருக்கு, அறுவை மறுபாதிப்பேருக்கு. ஆறு மாதத்தில் நடமாட்டம் இரு பக்கமும் ஏறக்குறையச் சமம். காயத் தொற்றும் காயம் திறந்துகொள்வதும் அறுவையில் 10 விழுக்காடு, கட்டில் 1. எலும்பு கோணலாகக் கூடியது கட்டில் 15, அறுவையில் 3. கட்டுப் போட்டவர்களில் 19 விழுக்காட்டினர் பிறகு அறுவைக்குப் போக வேண்டியிருந்தது. சித்தப்பாவுக்கு 58 வயதுதான், வயல் வேலை இருக்கிறது, அவர் மூட்டு இழுத்து வைத்தும் நிற்கவில்லை. அவருக்கு அறுவை சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஆலோசனைக் கட்டணம் 400 ரூபாய். அம்மாவுக்கு எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரம், சித்தப்பாவுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ரசீதில் பிளேட், ஸ்க்ரூ என்று தனித்தனியாக இல்லாமல் மொத்தத் தொகையாக ஒரே வரியில் போட்டிருந்தார்கள்; கேட்ட பிறகு உறைகளின் ஒட்டுச்சீட்டு நகலைக் கொடுத்தார்கள். கேட்காமலே கொடுக்க வேண்டும்.

மருத்துவமனையின் பெரும் பலவீனம் பிசியோதெரபி. வாரத்தில் இரண்டு நாள்தான் ஆள் வருகிறார். கட்டைப் பிரித்த அன்று அம்மாவின் கையில் ஒரு தாளைக் கொடுத்ததோடு சரி. ஊருக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்கள்தான் அம்மாவுக்குத் துண்டை இழுத்துப் பாதத்தை மேலே மடக்கும் பயிற்சியைச் சொல்லித் தந்தார்கள். நம் வாழ்க்கைக்குத் தேவைப்படுவது சமதரையில் நடப்பது மட்டுமில்லை. குந்தி உட்கார வேண்டும், நாற்றுக் கட்டைப் பிரித்துக் குனிந்து நடவு செய்ய வேண்டும், சேற்றில் காலை இழுத்து எடுக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பாதம் மேல்நோக்கி நன்றாக மடங்க வேண்டும். வெளிநோயாளிப் பிரிவில் சித்தப்பாவிடம், “நடக்கிறீங்களா, வலிக்குதா” என்று இரண்டு கேள்விகளோடு முடித்துவிட்டார்கள். குந்த முடிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. அவரால் இன்றும் குதிகாலைத் தூக்காமல் குந்த முடியாது, வீட்டில் மேற்கத்திய கழிப்பறை கட்டியிருக்கிறோம்.

உறவினர் யாருக்காவது கணுக்கால் முறிந்தால் இதே மருத்துவரிடம்தான் அழைத்துப் போவேன். இரவில் அழைத்தால் எடுப்பவர் யார், கட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பார்கள், பயிற்சி எங்கே கிடைக்கும் என்ற மூன்றையும் முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வேன். அம்மா சென்ற வாரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு படித்துறையில் ஐந்து படி இறங்கினார். ஆறாவது படியில் பாசி இருந்தது, திரும்பிவிட்டோம்.